குளிர்கால நீர்ப்பறவைகளும் நம் ஏரிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

அண்ணாமலையின் தலக்கதையில் முடி காணப் பறந்தது அன்னம்; காணாமல் மீண்டதும் அதுவே. கோயிலுக்குள் கிளி கோபுரம் இருக்கிறது. அருணகிரிநாதர் கிளி வடிவு கொண்டு அங்கே தங்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆகக் கதையிலும் கல்லிலும் சுதையிலும் இவ்வூருக்குப் பறவைகள் குறைவில்லை. நம் வட்டத்துக் கவிஞர்களின் ஏடுகளைப் புரட்டினாலும் அன்னமும் கிளியும் அன்றிலும் அடிக்கடி சிறகடிக்கும். ஆனால் கார்த்திகைத் தீபத்திற்கு மக்கள் திரளும் அதே நாள்களில், வடக்கிலிருந்து வந்து நம் ஏரிகளில் இறங்கும் உயிருள்ள பறவைகளை அவ்வேடுகளில் தேடத்தான் வேண்டியிருக்கிறது. மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டபோது, கோயிலைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் எழுத என்னிலும் தக்கார் பலர் உளர் என்பதால், இக்குளிர்கால விருந்தினரைப் பற்றியும் அவை தங்கும் நீர்நிலைகளைப் பற்றியும் எழுதத் துணிந்தேன். பறவையைப் பார்த்தவர் வரலாறும் ஏரியைக் காத்தவர் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது என் கருத்து.

பறவைகள் பருவத்தே வந்து பருவத்தே மீள்கின்றன என்பதை நாம் ஐரோப்பியரிடம் கற்றோம் என எண்ணுவோர் உண்டு. புறநானூற்றின் 67ஆம் பாட்டைப் படித்தோர் அவ்வாறு எண்ணார். பிசிராந்தையார் அதில் ஓர் அன்னச் சேவலை அழைத்துப் பேசுகிறார். அது குமரித் துறையில் அயிரை மீனை உண்டுவிட்டு வடமலை நோக்கித் திரும்பும் அன்னம். இடையே சோழ நாட்டில் தங்க நேர்ந்தால், உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு தன் பெயரைச் சொல்லுமாறு கேட்கிறார். நட்பின் சிறப்புக்கு இப்பாட்டை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். வலசைப் பறவையின் வழித்தடத்துக்கும் அதனைச் சான்றாகக் காட்டலாம்: தென்கோடியில் இரை, வடக்கே இல்லம், இடையில் தங்குமிடம்.

காலத்தால் பிந்திய சத்திமுத்தப் புலவர் இன்னும் நுட்பமாகப் பார்த்தவர். வறுமையால் மதுரைக்கு வந்து, உடுக்கப் போதிய ஆடையின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடந்தவர், வானில் சென்ற நாரையைத் தூது விட்ட பாட்டு நம்மில் பலருக்கு மனப்பாடம். அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு அவர் ஒப்பிட்ட உவமைக்காகவே பாண்டியன் தன் மேலாடையை எடுத்து அவர்மேல் போர்த்தினான் என்று கதை சொல்லும். அலகும் சிவப்பு, காலும் சிவப்பு என்று அவர் தரும் அடையாளத்தைக் கொண்டு பார்த்தால், அது நம் ஏரிகளில் கூடு கட்டும் மஞ்சள் அலகு நாரையாகத் தோன்றவில்லை. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் இந்தியா வரும் வெண்ணாரைக்கே அவ்வடையாளம் பொருந்துகிறது. இன்று தமிழகத்தில் அதனைக் காண்பது அரிது. இதிலும் நாரையும் அதன் துணையும் குமரியிலிருந்து வடக்கே திரும்புகின்றன. புலவர் அவற்றைத் தம் ஊர் வாவியில் தங்கச் சொல்கிறார். அந்த வாவி இல்லையேல் தூது அவர் மனைவியிடம் சேராது. உவமையை வியந்த உரையாளர்கள் வாவியைக் கவனிக்காமல் போனது ஏனோ தெரியவில்லை. பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் பழம்பாட்டுப் பறவைகளை இன்றைய விலங்கியலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அத்துறையில் நாம் இன்னும் செல்ல வேண்டிய தொலைவு மிகுதி. அன்னம் எது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. திபெத்திலும் மங்கோலியாவிலும் உயர்ந்த நிலத்து ஏரிகளில் வாழ்ந்து, இமயத்தைக் கடந்து பறந்து, நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் பட்டைத்தலை வாத்தே அது என்போர் உளர். அவ்வாறாயின், அண்ணாமலையின் முடியைக் காணாத பறவை இமயத்தின் முடிகளைக் கடந்து வருகிறது என்று நம் கவிஞர் எவரேனும் பாட இடமுண்டு.

இனி வாவிக்கு வருவோம். நம் வட்டாரத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை யாவும் மழையை நம்பி ஓடுபவை. இயற்கையாக அமைந்த பெருநீர்நிலையும் இங்கில்லை. வடக்கிலிருந்து வரும் வாத்து நம் மண்ணில் கால்வைக்கும் நீர் பெரும்பாலும் மனிதன் மண் சுமந்து தேக்கிய நீர். மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும் நிலத்தின் குறுக்கே வளைவாக ஒரு கரை எழுப்பி, மதகு வைத்து, மிகைநீர் வழியக் கலிங்கு அமைத்து, வழியும் நீர் அடுத்த ஊர் ஏரியில் விழுமாறு சங்கிலியாகக் கோத்தனர் நம் முன்னோர். மகேந்திரவர்மன் பெயரால் மகேந்திரவாடியில் அமைந்த ஏரியும், பராந்தகன் காலத்து வீராணமும் பாடநூல் வழி நாம் அறிந்தவை. பெயரில்லாத சிற்றேரிகள் அவற்றினும் பல்லாயிரம். தமிழகத்தின் ஏரி குளங்கள் ஏறத்தாழ 39,000 என்பது பலரும் சொல்லும் கணக்கு. நீர்நிலைக்குத் தமிழில் உள்ள பெயர்களே ஒரு நிகண்டுக்குப் போதும்: ஏரி, தாங்கல், ஏந்தல், குளம், கண்மாய், ஊருணி, வாவி. பேரேரியைச் சமுத்திரம் என்றே அழைத்தனர். நம் மலையடிவாரத்து ஏரிக்கும் அதுவே பெயர். கடல் பார்க்காத ஊருக்கு அது கடல்.

ஏரியின் அமைப்பே எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. கரையோரம் ஆழம் மிகுதி. எதிர்ப்புறத்து உள்வாய் முழங்காலளவும் கணுக்காலளவும் ஆகி மெல்லச் சேற்றில் முடிகிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும் ஆழத்தை நாடும். தலையை மட்டும் நீருள் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்துக்கும் தட்டைவாயனுக்கும் சிறிய உருவமுடைய நீலச்சிறகிக்கும் ஓரிரு அடி ஆழம் போதும். உள்ளான் வகைகள் சேற்றின் விளிம்பில் ஓடித் திரியும். ஆதலால் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பித் தளும்பும்போது பறவை காணச் செல்வோர் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவர். ஏரி நிறைந்தால் ஊருக்கு மகிழ்ச்சி. உள்ளானுக்கு நிற்க இடமில்லை. தை, மாசியில் மதகு திறந்து நீர் பாய்ந்து உள்வாய் வெளிப்படத் தொடங்கும்போதுதான் கூட்டம் சேரும். உழவன் நீரைச் செலவிடும் முறையே பறவைக்குப் பந்தி விரிக்கிறது. இந்நுட்பத்தை அணைகளில் காண்பது கடினம். 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை 119 அடி உயரத்தில் 7,321 மில்லியன் கனஅடி நீரைத் தேக்குவது. நீர் மிகுதி, ஆழம் அதனினும் மிகுதி. அணைச்சுவரருகே நின்று வாத்துக் கூட்டத்தைத் தேடுவோர் நீர்க்காகத்தையும் ஆலாவையும் கண்டு நிறைவு கொள்ள வேண்டும். ஆறு வந்து சேரும் மேற்பகுதியின் ஆழமற்ற ஓரங்களே வாத்துக்கு ஏற்ற இடம்.

பறவைக்கும் ஏரிக்கும் உள்ள உறவை ஆவணத்தோடு காண வேண்டுமாயின், நம் மாவட்ட எல்லையைக் கடந்து கிழக்கே செங்கற்பட்டுச் சீமைக்குச் செல்ல வேண்டும். மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கல் இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஊர். தாங்கல் என்பது சிறு நீர்நிலைக்கு அவ்வட்டாரத்தில் வழங்கும் சொல். வேடனின் தாங்கல் என்று பெயர் பெற்ற இடமே வேட்டைக்குத் தடை கேட்ட ஊராயிற்று. 30 ஹெக்டேர் அளவே உள்ள அந்த ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் நாரைகளும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். 1790களில் ஆங்கிலச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து அவற்றைச் சுட்டனர். ஊரார் திரண்டு சென்று அப்போதைய கலெக்டரிடம் முறையிட்டு, எவரும் இங்கே பறவைகளைச் சுடலாகாது என்ற ஆணையைப் பெற்றனர். 1858இல் அவ்வுரிமையை மீண்டும் புதுப்பித்துக்கொண்டனர்.

ஊரார் இதைச் செய்தது வெறும் கருணையால் என்று எழுதுவது எளிது; அவ்வாறு எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்; அந்நீர் பாய்ந்த நெல்லுக்கு வேறு எரு வேண்டுவதில்லை. பறவை பறந்துவிட்டால் விளைச்சல் குறையும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தனர். தன்னலமும் அன்பும் ஒரே வாய்க்காலில் ஓடியதால்தான் அக்காவல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது என்று கருதுகிறேன். அன்பு மட்டும் காரணமாக இருந்திருப்பின் ஒரு பஞ்ச காலத்தில் அது நின்றிருக்கக்கூடும்.

அந்தக் கலெக்டர் யார் என்பதும் சுவையானது. 1794 முதல் 1798 வரை அப்பகுதியின் பொறுப்பிலிருந்த லயனல் பிளேஸ் அவர். மதுராந்தகம் ஏரிக்கரை ஆண்டுதோறும் உடைந்தது கண்டு அதைச் செப்பனிடப் பாடுபட்டவரும் அவரே. 1798இல் பெருமழை பெய்த இரவில் கரை நிலைத்தால் தாயாருக்குச் சன்னிதி கட்டித் தருவதாக வேண்டிக்கொண்டார் என்பதும், கரைமேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பதும் ஏரி காத்த இராமர் கோயிலின் கதை. தாயார் சன்னிதி அவருடைய தருமம் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. வில்லேந்தியவர்களைப் பற்றி வரலாற்று மாணவன் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஏரிக்கரைக்காகக் கவலைப்பட்ட அதே அலுவலகத்திலிருந்து பறவைகளுக்கான ஆணையும் பிறந்தது என்பது கவனத்துக்குரியது. வரி வசூலிக்க வந்தவருக்கு ஏரி நிறைந்தால்தான் வரி. ஏரியின் நலத்தில் பறவையும் அடக்கம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள், இன்று பெயர் தெரியாத அவ்வூர் உழவர்கள்.

அடுத்த நூற்றாண்டில் பறவைகளைப் பற்றிய அறிவு பெருகியது. பெரும்பாலும் துப்பாக்கி முனையில் பெருகியது. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை ‘இந்தியப் பறவைகள்’ என்ற நூலை வெளியிட்டார். பறவைகளுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதி வைத்த வகையில் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அந்நாளைய இந்தியாவின் தலைசிறந்த பறவையறிஞர் என்பதைப் பலர் அறியார். பெருநூல் ஒன்றுக்காகப் பல்லாண்டுகள் எழுதிச் சேர்த்த அவருடைய கையெழுத்துப் படிகளைச் சிம்லாவில் பணியாள் ஒருவன் பழைய தாளாகக் கடைவீதியில் விற்றுவிட்டான். மனம் நொந்த அவர், தாம் திரட்டிய 80,000க்கும் மேற்பட்ட பதப்படுத்திய பறவை உடல்களை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். காங்கிரஸ் பிறந்ததும் அதே ஆண்டில். கையெழுத்துப் படிகளைத் தொலைத்த வேதனை அறிந்த கவிஞர்கள் நம் வட்டத்திலும் இருப்பதால் இதனைக் குறித்தேன்.

சுடாமல் பார்ப்பது ஒரு கலையாகவும் அறிவியலாகவும் பரவியதற்குச் சலீம் அலியின் பணி முதன்மையானது. 1941இல் வெளிவந்த அவருடைய ‘இந்தியப் பறவைகளின் நூல்’ எளிய மனிதர் கையிலும் பறவைகளின் அடையாளங்களைக் கொண்டு சேர்த்தது. அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் கோடியக்கரையிலும் வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தது. தமிழகத்தில் இத்துறையின் இலக்கிய முகம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996) வேடந்தாங்கலைக் கூர்ந்து ஆராய்ந்தவர். தமிழிலும் இயற்கை பற்றி எழுதினார்; அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாக்கினார். நல்ல உரைநடைக்காகவேனும் நம் உறுப்பினர்கள் அதனைப் படிக்க வேண்டும்.

அறிவு வளர்ந்த அதே காலத்தில் ஏரி தளர்ந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பு. விளைச்சலில் ஒரு பங்கை ஏரிக்கென ஒதுக்கி, ஆண்டுதோறும் ஊரே கூடித் தூர் வாரிக் கரை உயர்த்திய குடிமராமத்து, ஆங்கிலேயர் வரிமுறையில் ஆதரவிழந்தது. வேடந்தாங்கலார் தம் உரிமையைப் புதுப்பித்த அதே 1858இல், ஏரி வேலைக்கு ஊராரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தும் நிலைக்கு அரசு வந்துவிட்டது. விருப்பத்தோடு செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே வீழ்ச்சியின் அடையாளம். பின்னர் மின்பொறிக் கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் வந்தன. தன் வயலுக்குத் தன் கிணறு என்றான பின் ஊர்ப்பொது ஏரியைக் கவனிப்பார் குறைந்தனர். உள்வாயில் சீமைக்கருவேல் முளைத்தது; நகரை அடுத்த ஏரிகளில் கழிவுநீரும் கட்டடங்களும் புகுந்தன. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியது. ஆழப்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு: உள்வாய் முழுவதையும் ஒரே மட்டத்தில் தோண்டி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டினால் நீர் கூடும், நாரை நிற்கும் சாய்வு போய்விடும். ஏரி வேலைக்கு வரும் பொறியாளரிடம் இதனை எடுத்துச் சொல்ல, வேடந்தாங்கல் உழவரைப் போன்றோர் ஊர்தோறும் வேண்டும்.

பாதுகாப்புச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேடந்தாங்கல் 1936இல் பறவைப் புகலிடமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவை வேட்டையைக் குற்றமாக்கியது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக அளவில் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன்புதான், 2020இல், புகலிடத்தைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கும் முன்மொழிவு எழுந்து, எதிர்ப்பும் எழுந்தது. இருநூறு ஆண்டு ஆணையும் அசைக்க முடியாததன்று.

புகலிடம் என்ற பெயர் பெறாத ஏரிகளே நம் மாவட்டத்தில் பெரும்பான்மை. அவற்றைக் கவனிக்கச் சட்டம் வேண்டியதில்லை. கண்ணும் குறிப்பேடும் போதும். 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாள்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்துகின்றனர். அவரவர் ஊர் ஏரியில், அவரவர் கண்டதை எழுதி அனுப்பினால் போதும். ஓர் ஏரியில் பறவை இருந்தது என்று எழுத்தில் இருந்தால், பின்னொரு நாள் அந்த ஏரிக்கு ஆபத்து வரும்போது காட்ட ஒரு சான்று இருக்கும். கல்வெட்டும் இதற்காகத்தானே வெட்டப்பட்டது.

கவிஞர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் பெயர்களைப் பற்றியது. க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என நூல் எழுதிப் பெருந்தொண்டு செய்தார். ஆயினும் ஒவ்வொரு ஏரிக்கரையிலும் வழங்கும் பெயர்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டும். விரால் மீனை நீரில் பாய்ந்து பற்றும் பருந்துக்கு விராலடிப்பான். நத்தையைக் குத்தி உண்பது நத்தைகுத்தி நாரை. கழுத்து மட்டும் நீருக்கு மேல் பாம்புபோல் நெளிவது பாம்புத்தாரா. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்தது நாமக்கோழி. புலவர் பட்டம் பெறாதவர் ஆக்கிய இச்சொற்களில் உள்ள கூர்மை நம் புதுக்கவிதையில் எத்தனை வரிகளில் இருக்கிறது? மீன் பிடிப்போரும் ஆடு மேய்ப்போரும் நீர்பாய்ச்சும் மடையரும் இப்பெயர்களை வைத்திருக்கிறார்கள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர்ப் பக்கத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரில் கேட்டெழுதினால், வட்டத்தின் அடுத்த வெளியீட்டுக்கு ஒரு சிறு நிகண்டு கிடைத்துவிடும்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. தை பிறந்த பின் செல்லலாம். விடியலில் செல்வது நன்று. நம் பக்கத்து ஏரிகளில் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். காலையில் அதன்மேல் நின்றால் வெயில் முதுகில் படும். உள்வாய் முழுதும் எதிரே வெளிச்சத்தில் இருக்கும்.